முனைவர் பட்டத்துக்குப் பிறகு முதலீட்டு ஆய்வு: கோலாலம்பூரில் எந்த வாசல்?

பினாங்கில் பொருளாதார அளவியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, இரண்டு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்துவிட்டு, பிறகு கோலாலம்பூரில் ஒரு பங்குத்தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தவன் நான். அதனாலேயே ஆண்டுதோறும் நான்கைந்து பேராவது என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணே, தீசிஸ் முடியப்போகுது. இந்த ரிசர்ச் வேலைக்கு முதல்ல எங்கே விண்ணப்பம் போடுறது?" கேட்பவர் இயற்பியல் படித்தவராக இருப்பார், பொறியியல் படித்தவராக இருப்பார், ஒருமுறை செம்பனை நோய்களைப் பற்றி ஆராய்ந்த தங்கை ஒருவரும் வந்திருந்தார். பெரும்பாலோர் விடையைத் தாங்களே வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஊழியர் சேமநிதி வாரியத்தைப் போன்ற பெரிய நிதியம் ஒன்றில் நுழைந்துவிட வேண்டும், அது அமையாவிட்டால் தனியார் நிதி நிர்வாக நிறுவனம், அதுவும் இல்லையென்றால் தரகு நிறுவனம், கடைசியாகக் கடன் பத்திரங்களுக்குத் தரம் வழங்கும் தரமதிப்பீட்டு நிறுவனம் என்பதே அந்த வரிசை. கல்வித்துறையிலிருந்து வருபவர்களைப் பொறுத்தவரை அந்த வரிசையை ஏறக்குறையத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

சம்பளம், நிறுவனத்தின் பெயர், வேலை நேரம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். அவை பொருட்படுத்தத் தக்கவைதாம். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை மதிப்பீட்டாளரிடமிருந்து திரும்பி வர எத்தனையோ மாதங்கள் ஆகும். வந்த பிறகும் ஒரு குறையை ஒப்புக்கொண்டு, மேலும் ஆய்வு தேவை என்று எழுதி முடித்துவிடலாம். முதலீட்டு ஆய்வில் அப்படி முடிக்க இயலாது. ஒரு விலையைச் சொல்லி, ஒரு காலத்தைச் சொல்லி, அதன் கீழே பெயரையும் போட வேண்டும். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே முதல் மூன்று ஆண்டுகளின் வேலை என்பதால், எந்த வாசலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே என் தவறு எத்தனை நாளில் வெளிப்படும், யார் கண்ணில் படும், பட்ட பிறகு அவர் அதை எனக்குச் சொல்லித் தருவாரா?

தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் தவறு மிக விரைவாக வெளிப்படும். அங்கே ஓர் ஆய்வாளர் ஒன்றிரண்டு துறைகளில் பத்துப் பதினைந்து நிறுவனங்களைத் தொடர்ந்து கவனித்து, ஒவ்வொன்றுக்கும் வருமானக் கணிப்பும், பங்கு எட்டும் என்று எதிர்பார்க்கும் இலக்கு விலையும், வாங்கலாமா விற்கலாமா என்ற பரிந்துரையும் தருகிறார். நாட்டின் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து இரண்டு மாதங்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் கடைசி வாரத்தில் கணக்குகள் மழைபோல் கொட்டும். மாலை ஐந்து மணிக்குச் சந்தை மூடிய பிறகு, ஆறு, ஏழு மணிக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகள் வரும். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் கூட்டத்தில் விற்பனைப் பிரிவினர் முன் நின்று, எண்கள் நம் கணிப்புக்கு ஏற்ப வந்தனவா, வராவிட்டால் ஏன் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் நவம்பர் கணக்குகள் வந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன செய்தி.

நான் எழுதிய முதல் அறிக்கை பதினான்கு பக்கம். முன்னுரை, இதற்கு முந்தைய ஆய்வுகள், தரவு, முறையியல் என்று வரிசை தவறாமல் எழுதி, இலக்கு விலையைப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்திருந்தேன். பிரிவின் தலைவர் அதை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டி, விலை இருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, முதல் பக்கத்தின் மேல் விளிம்புக்கு ஓர் அம்புக்குறி இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். வாயால் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய பாடம் 2015இல் கிடைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு மூன்றரை ரிங்கிட் அளவில் இருந்த மாற்று விகிதம் ஆண்டு முடிவில் 4.30ஐ ஒட்டி வந்து நின்றது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம் என் கவனிப்பில் இருந்தது. விற்பனையில் பெரும்பகுதி டாலரில் நடந்ததால், ரிங்கிட் சரியச் சரிய இலாபம் பெருகும் என்று கணித்து இலக்கு விலையை ஏற்றினேன். கணக்கை எளிமையாக்கிச் சொன்னால் இப்படித்தான் செய்திருந்தேன்: விற்பனை 100 மில்லியன் ரிங்கிட், அதில் டாலரில் வருவது 80 மில்லியன், டாலர் 20 விழுக்காடு ஏறினால் கூடுதலாக 16 மில்லியன். ஆனால் அந்த நிறுவனம் மூலப்பொருளையும் டாலரில்தான் வாங்கியது. செலவில் 50 மில்லியன் டாலரில் போனால் அங்கே 10 மில்லியன் கூடிவிடும். மிஞ்சுவது 6 மில்லியன். அந்த ஆறிலும் பாதிக்கு நிறுவனம் முன்கூட்டியே வங்கியுடன் மாற்று விகித ஒப்பந்தம் போட்டிருந்தால் கையில் நிற்பது மூன்றுதான். ஆண்டறிக்கையின் பின்பகுதியில், கணக்குக் குறிப்புகளில், இவை எல்லாமே அச்சாகியிருந்தன. மாற்று விகிதத்தைப் பற்றி ஓர் இயலே ஆய்வேட்டில் எழுதியிருந்த நான் அந்தக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கவில்லை. அடுத்த காலாண்டுக் கணக்கு வந்த மறுநாள் காலை, எட்டு மணிக் கூட்டத்தில், பதினெட்டுப் பேர் முன்னிலையில் அது தெரியவந்தது. பல்கலைக்கழகத்தில் இதே பிழையைச் செய்திருந்தால் யாராவது கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒருவேளை யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

தரகு நிறுவன ஆய்வின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்கச் சொல்லும் பரிந்துரைகள் அங்கே குறைவு. நிறுவனத் தலைமையிடம் பேச வழி அடைந்துவிடுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம், அதே குழுமத்தின் முதலீட்டு வங்கிப் பிரிவு அந்த நிறுவனத்தின் பங்கு வெளியீட்டை நடத்திக்கொண்டிருக்கும் சங்கடம் இன்னொரு பக்கம். இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. 2003இல் அமெரிக்காவின் பத்துப் பெரிய நிறுவனங்கள் இதே முரண்பாட்டுக்காக ஏறக்குறைய 1.4 பில்லியன் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. தொழிலின் வருமானமும் முன்போல் இல்லை. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், தரகுக் கட்டணத்தோடு சேர்த்து இலவசம்போல் கொடுக்கப்பட்டுவந்த ஆய்வுக்குத் தனி விலை போடச் செய்தபின், உலகெங்கும் ஆய்வுக்கான செலவைப் பலர் சுருக்கிக்கொண்டார்கள். ஆய்வுக் குழுக்கள் சிறிதாக இருப்பதால் புதியவருக்குச் சொந்தமாக நிறுவனங்கள் விரைவில் கிடைத்துவிடும். சொல்லிக்கொடுக்க நேரமுள்ள மூத்தவர்கள் குறைவு என்பது அதன் மறுபக்கம். ஆகவே நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், என் அறிக்கையை வெளியாவதற்கு முன் யார் படிப்பார் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராத இடம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், முதல் வேலைக்கு ஏற்றதன்று.

பலரும் விரும்பும் நிதியங்களுக்கு வருவோம். 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி வாரியம் இன்று ஒரு டிரில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சொத்தை நிர்வகிக்கிறது. 1978இல் அமைந்த அரசுசார் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, 1993இல் அமைந்த அரசு முதலீட்டு நிதியமான கசானா, அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கான நிதியம் ஆகியவையும், பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் தனியார் யூனிட் டிரஸ்ட் நிறுவனங்களும் இந்த வகையில் சேரும். பிஎன்பியின் அமானா சஹாம் முதலீட்டுத் திட்டங்களில் கணக்கு வைத்திருக்கும் நம் குடும்பங்களில் பிள்ளை பிஎன்பியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் அம்மாவுக்கு வரும் பெருமையை நான் அறிவேன். வேலையின் தரத்திலும் எந்தக் குறையும் இல்லை. அறிக்கை வெளியே போகாது, தரகரின் அவசரம் இல்லை, ஒரு பங்கை ஐந்து ஆண்டு நோக்கில் பார்க்கலாம். ஆனால் முப்பது நாற்பது நிறுவனங்களை மேலோட்டமாகக் கவனிக்க நேரும் ஒரு புதிய ஆய்வாளர் எழுதும் உள்குறிப்பை நிதி மேலாளர் படித்தாரா, படித்து ஒதுக்கினாரா, வேறு காரணத்துக்காக அதே பங்கை வாங்கினாரா என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது. பங்கு ஏறினால் அது மேலாளரின் முடிவு. இறங்கினால் சந்தையின் போக்கு. இடையில் ஆய்வாளரின் பிழை எங்கே போயிற்று என்று எவரும் தேடுவதில்லை. எல்லா இடமும் இப்படியில்லை. ஒவ்வொரு பரிந்துரையையும் குறித்துவைத்து ஆண்டு முடிவில் உட்கார்ந்து பேசும் மேலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேரும் வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். ஆனால் அது வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்குத் தெரியாத செய்தி. பேசாமல், எழுதாமல், சத்தமின்றி ஆழமாகப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதாலேயே ஆய்வு மாணவர்களுக்கு இந்த இடம் பிடிக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் முதலில் விட வேண்டியிருக்கிறது.

தரமதிப்பீட்டு நிறுவனத்தை ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1990இல் தொடங்கிய ராம், 1995இல் அமைந்த மார்க் என்ற இரண்டும் இந்நாட்டில் கடன் பத்திரங்களுக்கும் சுக்குக் எனப்படும் இஸ்லாமியப் பத்திரங்களுக்கும் தரம் வழங்கிவருகின்றன. 2012 ஜனவரியில் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனம் 30.6 பில்லியன் ரிங்கிட்டுக்குச் சுக்குக் வெளியிட்டது. தைப்பூசம் முடிந்து பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்பும்போது நாம் கட்டும் டோல் பணம் அத்தகைய கடனை அடைக்கத்தான் போகிறது. அப்படியொரு பத்திரத்தை மதிப்பிடுபவர், எத்தனை வாகனங்கள் ஓடும், டோல் உயர்வு தள்ளிப்போனால் என்ன ஆகும், டோல் வசூலிக்கும் உரிமைக் காலம் எந்த ஆண்டில் முடியும் என்றெல்லாம் கணக்கிட்டு, ஆண்டு தோறும் வரும் பணம் கட்டவேண்டிய தவணையைப்போல் எத்தனை மடங்கு இருக்கிறது என்று பார்க்கிறார். 100 மில்லியன் கட்ட வேண்டிய ஆண்டில் 150 மில்லியன் வந்தால் ஒன்றரை மடங்கு. போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதே அளவில் வரவும் குறைந்தால் அது 1.2 மடங்காகிவிடும். அந்த 1.2 போதுமா என்பதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. தரமதிப்பீட்டுக் குழுவின் முன் தன் அறிக்கையை வைத்து, மூத்தவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தரத்தை அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு கொடுத்தவருக்கு இந்த அறை புதிதாகவே தோன்றாது. ஆதாரம் எங்கே, இந்த அனுமானம் ஏன், மாற்று விளக்கம் உண்டா என்ற அதே கேள்விகள், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வராமல் அடிக்கடி வரும். கணக்குக் குறிப்புகளை வரி விடாமல் படிக்கும் பழக்கம் இங்கே கட்டாயத்தினாலேயே வந்துவிடும். நான் 2015இல் செய்த பிழையைத் தரமதிப்பீட்டில் பயின்ற ஒருவர் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இலாபம் வளர்ந்ததா என்பதற்கு முன் அந்த இலாபம் பணமாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பவர்கள் இவர்கள். 2021 மே மாதத்தில் செர்பா டினாமிக் நிறுவனத்தின் கணக்குகள் பற்றி வெளித்தணிக்கையாளர் கேபிஎம்ஜி கேள்வி எழுப்பியது வெளியே தெரிந்து பங்கு விலை சரிந்தபோது, அதை வாங்கலாம் என்று எழுதியிருந்த தரகு நிறுவன ஆய்வாளர்கள் பலர் இருந்தார்கள். அந்த வாரத்தில் எங்கள் தொழிலில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலில் உள்ள நிறுவனங்களின் வரவேண்டிய பாக்கியை மறுபடி எடுத்துப் பார்த்தோம்.

தரமதிப்பீட்டின் குறை, தவறு வெளிப்பட நீண்டகாலம் ஆவதுதான். கொடுத்த தரம் சரியா என்பது பத்திரம் முதிர்வதற்குள் எப்போதாவது தெரியவரும். தரம் பெறுபவரே கட்டணமும் செலுத்துவதால் வரும் முரண்பாடு 2008 அமெரிக்க நெருக்கடியின்போது உலகறிய வெளிப்பட்டது. சந்தையின் அன்றாட ஓட்டத்தை இங்கே கற்க முடியாது. பங்கு பக்கம் மாற விரும்புபவர் நான்கைந்து ஆண்டுகளுக்குமேல் இருந்தால் மாறுவது கடினமாகும். ஆயினும் குழு என்ற ஓர் அமைப்பு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உங்கள் வேலையைப் படித்தே தீரும் என்பதற்காக, தரகு நிறுவனத்துக்கு அடுத்து, நான் இதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு முதலிடத்திலேயே வைப்பேன்.

கொள்கை ஆய்வு நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை நல்ல இடங்கள்; ஆனால் அங்கே நடப்பது பல்கலைக்கழக வேலையின் தொடர்ச்சி. முதலீட்டு ஆய்வுக்குப் போகும் பாதை என்று எண்ணிச் சேருபவர் ஏமாறுவார்.

பினாங்கிலேயே இருக்க விரும்புபவர்களின் நிலைமை வேறு. ஆய்வுப் பிரிவுகள் ஏறக்குறைய எல்லாமே கோலாலம்பூரில் இருக்கின்றன. பினாங்கில் தரகு நிறுவனங்களின் கிளைகள் உண்டென்றாலும் அங்கே இருப்பவர்கள் பங்கு வாங்கி விற்றுக் கொடுக்கும் ரெமிசியர்கள். ஆனால் 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டையில் விட்ரோக்ஸ், பென்டாமாஸ்டர், இனாரி போன்ற பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அவை போன்றவற்றுக்கு முதலீட்டாளர்களிடம் பேச ஆள் தேவைப்படுகிறது. சிப் சோதனைக் கருவியைப் பற்றி ஆய்வேடு எழுதிய பொறியியலாளர் ஒருவர் அத்தகைய வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் ஆய்வாளர்கள் எல்லாரும் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்க மறக்கிறார்கள் என்று மேசையின் மறுபுறத்திலிருந்து பார்த்துவிடலாம். துறையறிவு அவ்வளவு ஆழமாக இருப்பவரை நிதியங்கள் நேரடியாகவே எடுத்துக்கொள்வதும் உண்டு. என் வரிசைக்கு அவர்கள் விதிவிலக்கு. செம்பனை ஆராய்ந்த அந்தத் தங்கையும் அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியை ஒட்டி மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் உற்பத்தி, கையிருப்பு எண்களைப் பார்த்து, எந்த மாநிலத்தில் மரங்களுக்கு வயதாகிவிட்டது, மறுநடவு எங்கே தாமதம் என்று அவர் சொன்னதைத் தோட்டத்துறை ஆய்வாளர்களே குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுப் பகுப்பாய்வுப் பட்டயத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதா, தீசிஸ் முடித்துவிட்டா என்ற குழப்பமும் உண்டு. சி.எஃப்.ஏ. மூன்று நிலைத் தேர்வு. ஒவ்வொரு நிலைக்கும் 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பட்டயம் பெற 36 மாதங்களுக்குக் குறையாத காலத்தில் 4,000 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். வேலைக்கு முன்பே மூன்றையும் முடிக்க நினைப்பது வீண். முதல் நிலையை மட்டும் எழுதித் தேறிவிட்டால், இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியும் என்பதற்கும், பல்கலைக்கழகத்தை விட்டு வரும் எண்ணம் மெய்யானது என்பதற்கும் அது சான்றாகும். அறிக்கையில் பெயர் போடுவதற்குப் பத்திர ஆணையத்தின் உரிமத் தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும்; அவற்றை வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். உரிமம் கிடைத்தபின் கல்யாண வீட்டில் மாமா "எந்தப் பங்கு வாங்கலாம், மாப்ளே?" என்று கேட்டால் சிரித்து மழுப்பப் பழக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைப் பொறுத்தவரை, எழுதி முடிக்க ஓராண்டுக்குள் ஆகும் என்றால் முடித்துவிட்டு வாருங்கள். தரவே இன்னும் திரட்டவில்லை என்றால், முதுகலையாக மாற்றிக்கொண்டு வெளியேறுவதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் உபகாரச் சம்பளத்தோடு பணிப் பிணைப்பு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த முடிவைச் செய்யுங்கள்.

விண்ணப்பத்துடன் ஆய்வேட்டின் சுருக்கத்தை இணைப்பவர்கள் பலர். அதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக, நவம்பர் கடைசியில் கணக்கு வெளியிடப்போகும் ஒரு சிறிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அக்டோபரிலேயே அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதுங்கள். இலக்கு விலையும் அந்தக் காலாண்டின் இலாபக் கணிப்பும் எழுதிய தேதியும் முதல் பக்கத்தின் மேலேயே இருக்கட்டும். கணக்கு வந்த பிறகு அந்த நான்கு பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், எந்த எண்ணில் எவ்வளவு தவறினீர்கள், ஆண்டறிக்கையின் எந்தக் குறிப்பைப் படித்திருந்தால் தவறியிருக்க மாட்டீர்கள் என்று ஒரு தனித் தாளில் எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் அந்தத் தனித் தாள் இருந்தால், நேர்காணலுக்கு அழைத்துவிட்டுத்தான் சான்றிதழ்களைப் பார்க்கிறேன்.